டாலினில் மாலை வகுப்புக்குப் பணம் கட்டும் முன்

எஸ்டோனியாவின் தலைநகர் டாலினுக்கு வந்திறங்கிய முதல் மாதத்தில் எல்லோரும் செய்யும் காரியங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். முகவரியைப் பதிவு செய்வார்கள். அந்தக் கையோடு பஸ்ஸிலும் டிராமிலும் இலவசமாகப் போவதற்கான அட்டையை வாங்குவார்கள். நகரவாசிகளுக்கு 2013 முதல் இந்தச் சலுகை இருக்கிறது. குளிர்காலம் என்றால் கோட்டில் தொங்கவிட ஒரு ஹெல்குரும் வாங்கியாக வேண்டும். கார் வெளிச்சம் பட்டால் பளிச்சிடும் சிறு வில்லை அது. இருட்டில் அது இல்லாமல் தெருவில் நடக்கக் கூடாது என்பது இங்கே சட்டம். இவற்றையெல்லாம் அலுவலகத்தில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள்.

அடுத்த காரியத்தைத்தான் யாரும் சரியாகச் சொல்வதில்லை. புது ஊர் உற்சாகத்தில், கண்ணில் பட்ட முதல் மாலை நேர எஸ்டோனிய மொழி வகுப்புக்குப் பணம் கட்டிவிடுவது. நானும் கட்டினேன். முந்நூறு யூரோவுக்கு மேல். ஆற்றில் கரைத்த புளி.

உலெமிஸ்தே பக்கம் ஐ.டி. வேலைக்கு வருபவர்கள் கேட்பது, "ஆங்கிலம் போதாதா?" அலுவலகத்துக்குள் போதும். ஆனால் வேலைக்கான தற்காலிகக் குடியிருப்பு அனுமதியில் ஐந்து ஆண்டு ஆகிவிட்டால், சில விலக்குகள் நீங்கலாக, அதை நீட்டிக்க எஸ்டோனிய மொழியில் ஏ2 நிலைத் தேர்ச்சி கேட்பார்கள். ஏ1, ஏ2, பி1 என்று ஏறிப்போகும் ஐரோப்பிய மொழித்தர அளவில் இரண்டாம் படி அது. நீண்டகாலக் குடியிருப்புக்கு பி1. குடியுரிமைக்கும் பி1, கூடவே அரசியல் சட்டத் தேர்வு. குழந்தைகளோடு வருகிறவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. ரஷ்ய மொழிப் பள்ளிகள் 2024 செப்டம்பர் முதல் படிப்படியாக எஸ்டோனிய மொழிக்கு மாறிவருகின்றன. பிள்ளை பெரும்பாலான பள்ளிகளில் எதில் சேர்ந்தாலும் அதன் காதில் விழப்போவது இந்த மொழிதான்.

எனக்கு இவற்றையெல்லாம் விட அவசரமான காரணம் ஒன்று இருந்தது. நான் குடியிருப்பது முஸ்தமேயில், சோவியத் காலத்து ஒன்பது மாடிக் கட்டடம் ஒன்றில். கீழே கதவருகில் ஒருநாள் தாள் ஒன்று ஒட்டியிருந்தது. தேதியும் நேரமும் புரிந்தன. நடுவில் தடித்த எழுத்தில் நீளமான ஒரு சொல், 'வேகத்கெஸ்துஸ்'. ஏதோ கூட்டம் போலிருக்கிறது என்று நினைத்து மேலே போனேன். மறுநாள் காலை, தலையில் ஷாம்பூவோடு நிற்கும்போது குழாயில் தண்ணீர் நின்றது. மாலை மூன்று மணி வரை வரவில்லை. அந்த வாரமே வகுப்பில் சேர்ந்தேன்.

ஜனவரியில் தொடங்கியது. வாரத்துக்கு இரண்டு மாலை, ஆறரை முதல் எட்டு வரை. மொத்தம் 60 'கல்வி மணி' என்று விளம்பரத்தில் இருந்தது. இங்கே கல்வி மணி என்றால் 45 நிமிடம். ஆக உங்களுக்குக் கிடைப்பது 60 மணி நேரம் அல்ல, 45 மணி நேரம். இதில் ஏமாற்று எதுவும் இல்லை, நாட்டு வழக்கமே அதுதான். கணக்குப் போடாதது என் தவறு.

வகுப்பில் பதினாறு பேர். இதற்கும் ஒரு கணக்குப் போடலாம். தொண்ணூறு நிமிடமும் ஆசிரியை வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தாலும் தலைக்கு ஐந்தரை நிமிடம்தான் பேசக் கிடைக்கும். அவர் நிறையவே பேசினார். பதினாறில் பதினொரு பேர் ரஷ்ய மொழிக்காரர்கள், பலர் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். 'தொடக்கநிலை' என்றால் அவர்களுக்கு எழுதத் தெரியாது என்று பொருள், எனக்கு எதுவுமே தெரியாது என்று பொருள். இலக்கணம் பத்து நிமிடம் ரஷ்ய மொழியில் நடக்கும். பிறகு ஆசிரியை எங்கள் ஐந்து பேர் பக்கம் திரும்பி, அதே விஷயத்தை ஆங்கிலத்தில் ஒரே வரியில் சொல்லி முடிப்பார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பகல் முழுவதும் எங்கோ பாடம் நடத்திவிட்டு வருகிறவர் என்பது முகத்திலேயே தெரிந்தது.

நான்காவது வாரம் ஒரு கூத்து நடந்தது. அடுத்த வகுப்பு ஒரு மணி நேரம் முன்னதாகத் தொடங்கும் என்பதை ஆசிரியை எஸ்டோனிய மொழியிலேயே அறிவித்தார். "போல் கூஸ்" என்றார். 'போல்' என்றால் அரை, 'கூஸ்' என்றால் ஆறு. ஆறரைதானே, வழக்கமான நேரம்தானே என்று நாங்கள் ஐவரும் ஆறரைக்குப் போய் நின்றோம். வகுப்பு மூன்றில் இரண்டு பங்கு முடிந்திருந்தது. போல் கூஸ் என்றால் ஐந்தரை. ஆறாவது மணியில் பாதி என்பது இவர்கள் கணக்கு. ரஷ்ய மொழியிலும் அதே கணக்கு என்பதால் மற்ற பதினொரு பேரும் சரியாக வந்துவிட்டார்கள். பல் மருத்துவரிடம் நேரம் வாங்கும்போது இதை மறக்காதீர்கள்.

அதன் பிறகு கூட்டம் கரைந்தது. ஒன்பதாவது வாரத்தில் ஆள் போதவில்லை என்று எங்களை வேறொரு குழுவோடு சேர்த்தார்கள். அவர்கள் நான்கு பாடம் முன்னால் இருந்தார்கள். என் பாட்டி கிராமத்தில் இருக்கிறார், அவரிடம் ஒரு பசு இருக்கிறது என்று என்னால் அப்போது பிழையின்றிச் சொல்ல முடிந்தது. கடையில் பில் போடும் பெண் "கஸ் க்ளியென்திகார்த் ஒன்?" என்று கேட்டால் மட்டும் விழித்தேன். வாடிக்கையாளர் அட்டை இருக்கிறதா என்பது கேள்வி. இந்த நாட்டில் வேறு எந்த வாக்கியத்தையும் இத்தனை முறை என்னிடம் யாரும் கேட்டதில்லை. அது பாடத்தில் இல்லை.

என் பங்குக்கும் சொல்லிவிடுகிறேன். ஏழெட்டு வகுப்புக்கு நான் போகவில்லை. மூன்றரை மணிக்கே இருட்டிவிடும் ஊரில், வேலை முடிந்து, பசியோடு, வழுக்கும் பனியில் நடந்து போய் வேற்றுமை உருபு படிக்க எல்லா நாளும் மனம் வராது. இதையும் கணக்கில் வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

ஆகவே பணம் கட்டும் முன் கேளுங்கள். முதல் கேள்வி, எந்த மொழி வழியாகச் சொல்லித் தருகிறார்கள்? விளம்பரத்தில் 'இங்கிலிஸெ கேலெ பாஸில்' என்று இருந்தால் ஆங்கில வழி. 'வெனெ கேலெ பாஸில்' என்று இருந்தால் ரஷ்ய வழி. எதுவுமே இல்லை என்றால் இரண்டும் கலந்த வகுப்பாக இருக்கலாம், என்னுடையதைப் போல. பிறகு எத்தனை பேர், பத்துக்கு மேல் என்றால் வேண்டாம். ஆள் குறைந்தால் என்ன செய்வார்கள், பணம் திரும்ப வருமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். ஒரு வகுப்பில் சும்மா உட்கார்ந்து பார்க்க விடுவார்களா என்றும் கேளுங்கள். கடைசியில் அவர்கள் தரும் சான்றிதழ் வருகைக்கானது மட்டுமே. அரசு ஏற்பது கல்வி மற்றும் இளைஞர் வாரியமான ஹார்னோ நடத்தும் தேர்வை. எழுதுதல், கேட்டல், படித்தல், பேசுதல் என நான்கு பகுதி, தேர்ச்சிக்கு 60 சதவீதம்.

பணமே கட்டாமலும் தொடங்கலாம். புதிதாக வருபவர்களுக்கான 'செட்டில் இன் எஸ்டோனியா' அரசுத் திட்டத்தில் ஏ1 மொழிப் பயிற்சி உண்டு. முதலில் அதற்குத் தகுதி இருக்கிறதா என்று பாருங்கள். டாலினிலும் நார்வாவிலும் ஒருங்கிணைப்பு அறக்கட்டளையின் எஸ்டோனிய மொழி இல்லங்கள் இருக்கின்றன. அங்கே இலவச வகுப்புகளுக்குப் பதிவு திறந்தால் தட்கல் டிக்கெட் போல நிமிடங்களில் தீர்ந்துவிடும். அதே அறக்கட்டளை நடத்தும் 'கேலெகோஹ்விக்' என்ற மொழிக் கஃபேக்களில் தப்பும் தவறுமாகப் பேசுபவர்கள்தான் கூடுவார்கள். வெட்கம் வராது. வீட்டிலிருந்தே படிக்க 'கேலெக்லிக்' என்ற இலவச இணையப் பாடம் இருக்கிறது, ஏ2 வரை கொண்டு போகும். அதன் தொடர்ச்சி 'கேலெதே'. வகுப்பைக் கைவிட்ட பிறகு நான் கேலெக்லிக்கைத் திறந்து, காலை டிராமில் தினமும் இருபது நிமிடம் என்று வைத்துக்கொண்டேன். இருபது நிமிடத்துக்கு மேல் எனக்கும் பொறுமை கிடையாது.

டிராமில்தான் ஒரு விஷயம் உறைத்தது. இந்த மொழியை நான் ஆங்கிலத்தின் வழியாகப் படித்துக்கொண்டிருந்தேன். அது தமிழுக்கல்லவா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது! இரண்டுக்கும் இரத்த உறவு எதுவும் இல்லை. எஸ்டோனிய மொழிக்குச் சொந்தம் பின்னிஷ். ஆனால் அமைப்பைப் பாருங்கள். 'மயா' என்றால் வீடு. மயாஸ், வீட்டில். மயாஸ்த், வீட்டிலிருந்து. மயாஸ்ஸெ, வீட்டுக்குள். முன்னே தனிச்சொல் எதுவும் இல்லை, உருபு பின்னால் ஒட்டுகிறது. மொத்தம் பதினான்கு வேற்றுமை என்று எல்லோரும் பயமுறுத்துவார்கள். எட்டு வேற்றுமையைப் பள்ளியில் மனப்பாடம் செய்தவர்களுக்கு இன்னும் ஆறு, அவ்வளவுதான்.

வகுப்பில் அரை மணி நேரம் ஓடியது ஒரே ஒரு விஷயத்துக்கு. ஆங்கிலத்தில் 'ஹேவ்' என்று சொல்வதற்கு இங்கே வினைச்சொல்லே கிடையாது. 'முல் ஒன் அவுதோ', அதாவது என்னிடம் கார் இருக்கிறது. பக்கத்தில் இருந்த ஸ்பானியர் தலையில் கை வைத்துக்கொண்டார். நானும் அவரோடு சேர்ந்து குழம்பினேன், அதுதான் வேடிக்கை. 'முல்லெ மேல்திப்' என்பது சொல்லுக்குச் சொல் எனக்குப் பிடிக்கிறது. எதிர்காலத்துக்கென்று தனி வினைவடிவம் இல்லை. நாளை ஊருக்குப் போகிறேன் என்று நாம் சொல்வதைப் போலவே சொல்கிறார்கள். ஆண்பால் பெண்பால் கிடையாது, இருவருக்கும் 'தா'.

ஒலிக்கும் இப்படித்தான். தலையில் அலைக்குறி போட்ட ஓ ஒன்று உண்டு. மாலை என்ற சொல்லே அந்த எழுத்தில்தான் தொடங்குகிறது, மாலை வகுப்பில் யாருக்கும் அது வரவில்லை. 'காது', 'பாட்டு' என்று சொல்லும்போது கடைசியில் உதடு குவியாமல் ஓர் உகரம் வருகிறதே, அந்தக் குற்றியலுகரத்தைப் பிடித்துக்கொண்டு வாயைச் சற்றே திறந்து பாருங்கள். கிட்டத்தட்ட வந்துவிடும். நீளத்தில் மூன்று அளவு உண்டு. 'சத' என்று குறிலாகச் சொன்னால் நூறு. 'சாத' என்று நீட்டினால் அனுப்பு. இன்னும் நீட்டி 'சாஅத' என்றால் பெறுதல். பின்னிரண்டுக்கும் எழுத்தில் வித்தியாசமே இல்லை, காதால்தான் பிரிக்க வேண்டும். ஆசிரியை பலகையில் கோடு கோடாகப் போட்டு விளக்கினார். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, அளபெடைக்கு மூன்று என்று எட்டாம் வகுப்புத் தமிழய்யா சொன்னது எனக்கு அப்போது நினைவுக்கு வந்திருந்தால் அரை நிமிட வேலை.

உண்மையில் கஷ்டம் எங்கே என்றால், உருபு ஏறும்போது சொல்லே உருமாறுவதில். துபா என்றால் அறை. அறையில் என்பதற்குத் துபாஸ் என்பீர்கள், இல்லை, தோவஸ். இதற்குக் குறுக்குவழி கிடையாது. நம் ஊரிலும் 'மரத்தில்' என்ற சொல்லைப் பார்த்த வெளிநாட்டுக்காரர் அகராதியில் 'மரத்' என்று தேடித் தோற்பார், இல்லையா? எஸ்டோனிய மொழி நிறுவனத்தின் 'சணவேப்' என்ற இணைய அகராதியைக் கைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள். திரிந்த வடிவத்தைத் தட்டினாலும் மூலச்சொல்லைக் காட்டும். அந்த ஷாம்பூ நாள் அப்படித்தான் எனக்கு விளங்கியது. தண்ணீருக்கு வகுப்பில் கற்றது 'வெசி'. உருமாறினால் அது 'வே'. வேகத்கெஸ்துஸ் என்றால் நீர்த்தடை. பாதிச் சொல் எனக்குத் தெரிந்த சொல்தான், முகம்தான் வேறு.

இன்னொன்று. கடையில் நீங்கள் தடுமாறினால் உடனே ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார்கள், ரஷ்ய மொழிக்காரர்கள் அதிகம் வாழும் லஸ்னமே பக்கம் என்றால் ரஷ்ய மொழிக்கு. அது அலட்சியம் அல்ல, உங்கள் சிரமத்தைக் குறைக்கிறார்கள். "பலுன், ஏஸ்தி கேலெஸ்" என்று சொல்லுங்கள், தயவுசெய்து எஸ்டோனிய மொழியில் என்று. கொஞ்சம் வியப்பார்கள், பிறகு மெதுவாகப் பேசுவார்கள். பின்னால் வரிசை நீளமாக இருந்தால் இந்த ஆசை வேண்டாம்.

போன மாதம் மீண்டும் அதே கதவில் அதே சொல் ஒட்டியிருந்தது. இரவே இரண்டு வாளி பிடித்து வைத்தேன். காலையில் லிப்ட்டில் ஏழாம் மாடிப் பாட்டி ஏதோ கேட்டார். தண்ணீர் என்ற சொல் காதில் விழுந்தது. பெருமையோடு, "மா வத்ஸின் வெசி" என்றேன், தண்ணீர் எடுத்து வைத்தேன் என்று. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "வெத்" என்றார். புரியாமல் நின்றேன். "வெசி இல்லை, வெத்" என்று விரலை ஆட்டி மறுபடி சொன்னார். லிப்ட் கீழே வந்து கதவு திறந்தது. நான் சரியாகச் சொல்லும் வரை அவர் இறங்கவில்லை.