நாலுக்கு ஐந்து கேமராவுக்கு ட்ரைபாட் ஹெட்: வாங்குவதற்கு முன் செய்து பார்க்க வேண்டியவை

என்னுடையது நாலுக்கு ஐந்து அங்குல ஃபிலிம் போடும் பெரிய கேமரா. அதன் 210 மி.மீ. லென்ஸின் முன்விளிம்பில் ஒரு நசுங்கல் இருக்கிறது. முட்டம் கலங்கரை விளக்கத்துக்குக் கீழே உள்ள பாறையில் வாங்கியது. பால் ஹெட்டின் (ட்ரைபாட் மேல் கேமராவை ஒரு பந்தில் தாங்கும் தலை) திருகை அரைச்சுற்று தளர்த்தினேன், அவ்வளவுதான். கேமரா மொத்தமும் குப்புறச் சாய்ந்தது. கூட வந்திருந்த ஸ்டுடியோ அண்ணாச்சி பதறவே இல்லை. "லே மக்கா, பந்து மேல ஆனைய நிப்பாட்டப் பாக்கியா?" என்றார்.

அதற்குப் பிறகு மூன்று ஹெட் மாற்றிவிட்டேன். அந்தச் செலவு உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இந்தப் பதிவு. லென்ஸ் போர்டு மாட்டுவது, ஹோல்டரில் ஃபிலிம் ஏற்றுவது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: தராசில் வையுங்கள்

கேமராவை மட்டும் நிறுக்காதீர்கள். உங்களிடம் இருப்பதிலேயே கனமான லென்ஸ், ஒரு ஹோல்டர், அடியில் மாட்டும் தகடு எல்லாம் சேர்த்து நிறுக்க வேண்டும். என்னுடையதைத் தெருமுனைப் பலசரக்குக் கடையில் வைத்துப் பார்த்தேன். மூன்றே கால் கிலோ. கடைக்காரர் "என்ன விலைக்குப் போவும்?" என்று கேட்டார்.

இனி ஹெட்டின் பெட்டியைப் பாருங்கள். '15 கிலோ தாங்கும்' என்று போட்டிருக்கும். சுமை நேர் மேலே உட்கார்ந்திருந்தால் தாங்கும், சரி. நம் கேமரா அப்படி உட்காராது. 300 மி.மீ. லென்ஸ் போட்டுத் தூரத்துக் காட்சியை எடுக்கவே பெல்லோஸ் (லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவில் உள்ள துருத்தி) சுமார் 30 செ.மீ. நீள வேண்டும். ஒரு பூவை அதன் நிஜ அளவிலேயே ஃபிலிமில் எடுக்க நினைத்தால் 60 செ.மீ. தண்ணீர் வாளியை உடம்போடு ஒட்டிப் பிடிப்பதும் கையை நீட்டிப் பிடிப்பதும் ஒன்றா? நுனியில் தொங்கும் லென்ஸ் அரைக் கிலோதான் என்றாலும் ஹெட்டை அது முன்பக்கமாக இழுத்துக்கொண்டே இருக்கும். திருகை இறுக்கிப் பூட்டும் ஹெட் என்றால், பெட்டியில் இருக்கும் எண்ணை மூன்றால் வகுத்துக்கொள்வது என் கணக்கு. புத்தகத்தில் உள்ள சூத்திரம் இல்லை, அடிபட்டு வந்தது.

படி 2: வகையைத் தேர்ந்தெடுங்கள்

பால் ஹெட் வேண்டாம். சின்ன கேமராவுக்கு நல்ல சாமான்தான், என் டிஜிட்டல் இன்னும் அதில்தான் இருக்கிறது. ஆனால் பெரிய கேமராவில் முதல் வேலையே மட்டம் பார்ப்பது. பந்தில் இடவலத்தைச் சரிசெய்தால் முன்பின் போய்விடும், அதைப் பிடித்தால் இது போய்விடும். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு, தலைகீழாகத் தெரியும் படத்தைப் பார்த்தபடி இதைச் செய்து பாருங்கள், தெரியும்.

மட்டம் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால் மாத்தூர் தொட்டிப்பாலத்துக்குத்தான் (ஆற்றுக்கு மேலே கால்வாய்த் தண்ணீரைக் கொண்டுபோகும் பாலம்) போக வேண்டும். 1966-இல் கட்டியது, 115 அடி உயரம். படியிறங்கி ஆற்றோரம் போய் நின்றால் யாருக்கும் கேமராவை அண்ணாந்து வைக்கத்தான் தோன்றும். அப்படி எடுத்தால் தூண்கள் மேலே போகப் போக ஒன்றையொன்று நோக்கிச் சாய்ந்துவிடும். கேமராவை மட்டமாக, ஃபிலிம் செங்குத்தாக நிற்கும்படி வைத்துவிட்டு முன்பக்க லென்ஸ் சட்டத்தை மட்டும் மேலே உயர்த்த வேண்டும். தூண் நட்டமாக நிற்கும். இந்தக் கேமராவை நாம் சுமப்பதே இதற்காகத்தானே? அந்த மட்டத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளத்தான் நல்ல ஹெட் வேண்டும்.

ஆகவே மூன்று கைப்பிடி உள்ள த்ரீ-வே ஹெட், அல்லது கியர் ஹெட். த்ரீ-வேயில் ஒவ்வொரு அச்சும் தனித்தனியாகப் பூட்டும். ஒன்றைத் தளர்த்தினால் மற்ற இரண்டும் அசையாது. கியர் ஹெட்டில் குமிழைத் திருகத் திருகப் பையப் பைய நகரும், கையை எடுத்தால் அங்கேயே நிற்கும். மான்ஃப்ரோட்டோ 410 கியர் ஹெட் 5 கிலோ வரைக்கும், 405 ஏழரைக் கிலோ வரைக்கும். எடை முறையே 1.2 கிலோ, 1.6 கிலோ. மருந்துவாழ் மலை ஏறுவதாக இருந்தால் இந்த வித்தியாசம் பாதி வழியில் புரியும். காசு இருந்தால் கியர். இல்லையென்றால் நல்ல கனமான பழைய த்ரீ-வே, அதில் குறை ஒன்றும் இல்லை. பழையது வாங்கும்போது எல்லாவற்றையும் பூட்டிவிட்டு மேல்தகட்டைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். 'டக்' என்று ஒரு சின்ன ஆட்டம் கையில் பட்டால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

கல்யாண வீடியோக்காரர்களிடம் ஃப்ளூயிட் ஹெட் சும்மா கிடக்கும், எடுத்துக்கோ என்பார்கள். அதில் பொதுவாக இடவலச் சாய்வு இருக்காது. வேண்டாம்.

படி 3: திருகு

கேமராவின் அடியில் உள்ள துளை கால் அங்குலமா, 3/8 அங்குலமா என்று பாருங்கள். 3/8 இருந்தால் அதையே பயன்படுத்துங்கள், பிடிப்பு அதிகம். கால் அங்குலத் திருகு தொலைந்துபோய், நான் ஹார்டுவேர் கடையில் 6 மி.மீ. போல்ட் வாங்கி மாட்டினேன். இரண்டு சுற்று போனது, அப்புறம் இறுகிவிட்டது. புரி வேறு! கால் அங்குலத்தில் ஒரு அங்குலத்துக்கு 20 புரி, 3/8-இல் 16 புரி. லேத் பட்டறையில் போய் 'விட்வொர்த் புரி' என்று கேட்டால் கடைந்தே கொடுப்பார்கள், அது நன்றாகப் பொருந்தும்.

படி 4: காலண்டர் சோதனை

நான் மூன்று மாதம் முட்டிக்கொண்டு நின்ற இடம் இதுதான். மாத்தூரில் எடுத்த ஆறு ஃபிலிமில் நான்கில் ஓரத்துத் தூண் வெட்டுப்பட்டிருந்தது. பின்னால் படம் விழும் கண்ணாடியில், அதாவது கிரவுண்ட் கிளாஸில், முழுசாகப் பார்த்தேன், சத்தியம். கிரவுண்ட் கிளாஸ் இடம் மாறியிருக்கிறது என்று அதைக் கழற்றி, அளந்து, திரும்ப மாட்டினேன். பலனில்லை.

ஒருநாள் வீட்டில், சுவரில் தொங்கும் தினசரி காலண்டரின் தேதி எண்ணைக் கண்ணாடியின் நடுக்கோட்டில் வைத்து ஃபோகஸ் செய்தேன். ஹோல்டரைச் செருகினேன், ஒன்றும் எடுக்காமல் அப்படியே உருவினேன். கண்ணாடியில் பார்த்தால் தேதி கோட்டைவிட்டு ஒரு விரல் தள்ளி நிற்கிறது.

கண்ணாடிச் சட்டத்தை ஸ்பிரிங் இறுக்கிப் பிடித்திருக்கிறது. ஹோல்டரை அதற்குள் திணிக்கும்போது நாம் கேமராவையே தள்ளுகிறோம். கிடைமட்டப் படம் என்றால் பக்கத்திலிருந்து செருகுகிறோம், கேமரா ஒற்றைத் திருகைச் சுற்றித் திரும்புகிறது. நெடும்படம் என்றால் மேலிருந்து அமுக்குகிறோம், ஹெட்டின் முன்பின் பூட்டு நழுவுகிறது. டார்க் ஸ்லைடை (ஹோல்டரில் ஃபிலிமை வெளிச்சம் படாமல் மூடியிருக்கும் தகடு) உருவும்போது அதே இழுப்பு எதிர்த்திசையில்.

நீங்களும் இரண்டு விதத்திலும் செய்து பாருங்கள். செருகுங்கள், ஸ்லைடை வெளியே எடுங்கள், உள்ளே போடுங்கள், ஹோல்டரை உருவுங்கள், பிறகு கண்ணாடியைப் பாருங்கள். சோதனைக்குக் காலி ஹோல்டர் போதும். பக்கவாட்டில் நகர்ந்திருந்தால் முதலில் தகட்டைச் சந்தேகப்படுங்கள், மேலே கீழே நகர்ந்திருந்தால் ஹெட்டை.

தகட்டுக்கு என் மருந்து: ஓரத்தில் உதடு வைத்த தகடு. கேமராவின் அடிவிளிம்பு அந்த உதட்டில் முட்டி நிற்பதால் திரும்பாது. தடித்த ரப்பர் ஒட்டிய தகடுகள் எனக்குப் பிடிக்காது, எவ்வளவு இறுக்கினாலும் ரப்பர் கொஞ்சம் நெளிந்துகொண்டே இருக்கும். மெல்லிய கார்க் பரவாயில்லை. மாற்றிமாற்றி மாட்ட வேண்டுமென்றால் ஆர்க்கா வகை கிளாம்ப் (தகட்டை இரு பக்கமும் கவ்விப் பிடிப்பது) வாங்குங்கள், அந்தத் தகடு எங்கும் கிடைக்கும்.

கைப்பழக்கமும் வேண்டும். இடது கையால் பின்சட்டத்தை இழுத்துத் திறந்து பிடித்துக்கொண்டு, அந்த இடைவெளியில் ஹோல்டரை வழுக்கிவிடுங்கள். திணிக்காதீர்கள். ஸ்லைடு எடுத்த பிறகு பத்து எண்ணிவிட்டு ஷட்டரை அழுத்துங்கள்.

பின்சேர்க்கை 1: ஆரல்வாய்மொழியிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார்: கியர் ஹெட்டே வாங்கிவிட்டேன், காலண்டர் சோதனையும் பாஸ், ஆனால் முப்பந்தல் காற்றாலைகளை எடுத்தால் எல்லாம் கலங்கலாக வருகிறதே? ஹெட் மேல் தப்பில்லை. பெல்லோஸ் ஒரு பாய்மரம். தென்மேற்குப் பருவக்காற்று கணவாய் வழியாக வரும் மாதங்களில் அங்கே ஆளே நிற்க முடியாது. நடுத்தண்டை உயர்த்தாதீர்கள், கால்களைக் குட்டையாக வையுங்கள், காற்று வரும் பக்கம் ஒரு பெரிய குடையோடு ஆளை நிறுத்துங்கள். விடிகாலையில் போனால் குடை கூடத் தேவைப்படாமல் போகலாம்.

பின்சேர்க்கை 2: "ஹெட்டில் உள்ள குமிழி ஒன்று சொல்கிறது, கேமராவில் உள்ளது வேறு சொல்கிறது. எதை நம்ப?" இரண்டையும் நம்பாதீர்கள். கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டத்தில் சின்னதாக ஒன்று வாங்கி, மேசையில் வைத்துக் குமிழியைப் பாருங்கள். அதே இடத்தில் முன்பின்னாகத் திருப்பி வையுங்கள். குமிழி இரண்டு தடவையும் மேசையின் ஒரே பக்கம் ஒரே அளவு நின்றால் அந்த ரசமட்டம் சரி, கோணல் மேசையினுடையது. அதைக் கேமராவின் பின்சட்டத்தின் மேல் வைத்துப் பாருங்கள். கடையில் நான் நான்கைத் திருப்பிப் பார்த்து ஐந்தாவதைத்தான் எடுத்தேன். பொறுமையான கடைக்காரராகப் பார்த்துப் போங்கள்.

பின்சேர்க்கை 3: கடற்கரையிலிருந்து வந்ததும் ஹெட்டை ஈரத்துணியால் துடைத்துக் காயவைக்கச் சொல்ல மறந்துவிட்டேன். உப்பு கியர்ப் பல்லுக்குள் போய்விட்டால் திருகும்போது நறநறவென்று சத்தம் வரும். என்னுடையது இப்போது அப்படித்தான் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை கழற்ற வேண்டும்.