லாரிக்கு வினைல் கோடு: இழுக்காமல் ஒட்டுங்கள்

அண்ணனின் 10 அடி லாரிக்கு, அழகுக்காகப் பக்கவாட்டில் ஓடும் கோட்டை வினைல் டேப்பால் (பசையுள்ள மெல்லிய பிளாஸ்டிக் பட்டை) நானே ஒட்டினேன். முதல் தடவை ஒட்டியது மூன்றாம் நாளே கதவு ஓரங்களில் சுருங்கிப் பின்வாங்கிவிட்டது. பிய்த்துவிட்டு மறுபடி ஒட்டியது இன்றுவரை அப்படியே நிற்கிறது, அந்த முறையைத்தான் எழுதுகிறேன்.

வினைல் டேப்பை 6 மில்லிமீட்டர் அகலத்தில் வாங்குங்கள். 3 மில்லிமீட்டர் வளைவுக்கு நல்லது, ஆனால் நீளப் பக்கத்தில் சீக்கிரம் நெளிந்துவிடும். சிங்கப்பூரில் ஜாலான் புசார் பக்கம் ஹார்டுவேர் கடைகளில் மாஸ்கிங் டேப், புது பிளேடு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் எல்லாம் வாங்கிக்கொள்ளலாம்.

நம் ஊரில் பொழுது விடிவதே ஏழு மணிக்கு. விடிந்ததும் ஆரம்பித்து ஒன்பதுக்குள் முடித்துவிடுங்கள். வெயில் ஏறி தகடு சூடானால் பசை தொட்ட இடத்திலேயே பிடித்துக்கொள்ளும், எடுத்து ஒட்ட முடியாது.

வண்டியைக் கழுவிக் காயவிட்டு ஆல்கஹாலால் துடைக்கவும். பாலிஷ் போட்ட வண்டி என்றால் இரண்டு முறை. அப்புறம் கதவின் உடல்கோட்டிலிருந்து (தகட்டிலேயே நீளவாக்கில் ஓடும் மடிப்பு) மூன்று நான்கு இடங்களில் அளந்து மாஸ்கிங் டேப்பை வழிகாட்டியாக ஒட்டுங்கள். தரையிலிருந்து அளக்காதீர்கள், வண்டி எப்போதும் கொஞ்சம் சாய்ந்துதான் நிற்கும். பத்தடி தள்ளி நின்று பார்த்துத் திருப்தியான பிறகே வினைலைத் தொடுங்கள்.

இனிதான் முக்கியமான இடம். நேராக வரவேண்டும் என்று முதல் தடவை நான் வினைல் டேப்பை விறைப்பாக இழுத்து ஒட்டினேன், கோடும் அம்பு போல நேராகத்தான் இருந்தது. ஆனால் இழுத்த வினைல் வெயில் பட்டதும் பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கும், முனைகள்தான் முதலில் விட்டுக்கொடுக்கும். அதனால் முன்பக்கம் ஒரு சாண் ஒட்டிவிட்டு, பின்தாளை உரித்துக்கொண்டே ஒரு மீட்டர் தள்ளிப் பிடியுங்கள், தொய்யாமல் இருந்தால் போதும், அதற்குமேல் இழுக்கவே கூடாது. கையைப் பார்க்காமல் கோடு போய்ச் சேரும் இடத்தைப் பார்த்து, மாஸ்கிங் டேப்புக்கு 3 மில்லிமீட்டர் மேலே மெதுவாகத் தகட்டில் படியவிட்டு, பிறகுதான் கட்டைவிரலால் தேய்க்க வேண்டும். இடைவெளி எதற்கென்றால், மாஸ்கிங் டேப்பை உரிக்கும்போது வினைலும் சேர்ந்து எழும்பாமல் இருக்க.

கதவு இடுக்கில் வினைல் டேப்பைத் தாண்டவிட்டு, இரண்டு பக்கமும் அழுத்தியபின் இடுக்கின் நடுவில் வெட்டுங்கள். பிளேடு பெயிண்டில் படக்கூடாது, நம் ஊர் ஈரத்தில் கீறல் சீக்கிரம் துருப்பிடிக்கும். முனையை ஹேர் டிரையரால் இளஞ்சூடாக்கி 5 மில்லிமீட்டர் உள்ளே மடித்துவிடுங்கள்.

மேலே ஒளிபுகும் தாள் இருந்தால் பின்னோக்கி மடித்தபடி மெதுவாக உரிக்கவும். குமிழி இருந்தால் ஊசியால் குத்தித் துளையை நோக்கி அழுத்துங்கள். இரண்டு நாளைக்கு வண்டியைக் கழுவ வேண்டாம்.

பிறகு சேர்த்தது: பம்பரில் நிற்கவில்லை என்று சிலர் எழுதியிருந்தார்கள். பெயிண்ட் அடிக்காத சொரசொரப்பான கறுப்பு பிளாஸ்டிக்கில் இந்த டேப் பிடிக்காது, அந்தப் பிளாஸ்டிக் தொடங்கும் இடத்துக்கு முன்பே கோட்டை முடித்துவிடுங்கள். வேக வரம்பு ஸ்டிக்கரையும் மறைக்காதீர்கள். கோட்டோடு நிற்காமல் வண்டியின் நிறமே மாறும் அளவுக்கு வினைல் சுற்றுவதாக இருந்தால் நிலப் போக்குவரத்து ஆணையத்திடம் தெரிவிக்க வேண்டும்.