தெருவில் சுற்றிய பூனையை ஃபிளாட்டுக்குள் பழக்குவது: வலை, மணல், ஒரு கோணிச்சாக்கு

போன ஆடி மாசம் ஒரு விடிகாலையில் எங்கள் பூனை சுண்டல் வாசலில் வந்து உட்கார்ந்தான். வலது கன்னம் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கியிருந்தது. பக்கத்துத் தெருக் கடுவன் கடித்த கடி. வெளியே பார்த்தால் குண்டூசி குத்திய மாதிரி இரண்டே ஓட்டை, உள்ளே முழுக்கச் சீழ். டாக்டர் கீறி எடுத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: “சண்டைக்கடியிலதான் எஃப்ஐவி பரவுது. வெளிய விடாம இருக்கப் பாருங்க.” (எஃப்ஐவி என்பது பூனைகளின் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் வைரஸ்.)

அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. “பூனைன்னா நாலு வீடு ஏறி இறங்கும்டா. அடைச்சு வைக்கிறது பாவம்.” அம்மா வளர்ந்த வீட்டில் அது சரி. ஓட்டு வீடு, பின்னால் கொல்லை, நெல் மூட்டை, மூட்டைக்கு எலி, எலிக்குப் பூனை. நாங்கள் இருப்பது சென்னை ஆதம்பாக்கத்தில் இரண்டாவது மாடி. கீழே இறங்கினால் ஷேர் ஆட்டோ, பைக், தண்ணி லாரி. வண்டி எஞ்சின் சூட்டுக்குள் ஏறிப் படுத்த பூனைகளின் கதையை எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் சொல்வார். சுண்டலும் சும்மா இல்லை. அந்த ஒரு மாதத்தில் இரண்டு அணில், ஒரு தேன்சிட்டு, வால் மட்டும் மிஞ்சிய ஓணான் என்று வாசலில் கொண்டுவந்து போட்டிருந்தான். அமெரிக்காவில் வெளியே சுற்றும் பூனைகள் ஆண்டுக்கு 130 கோடி முதல் 400 கோடி பறவைகள் வரை கொல்கின்றன என்று 2013-ல் ஒரு மதிப்பீடு வந்தது. அதில் பெரும்பங்கு வீடில்லாத பூனைகளுடையது. ஆனால் என் வாசலில் கிடந்த தேன்சிட்டு என் பூனையுடையது.

ஆக, உள்ளேயா வெளியேயா என்று என்னைக் கேட்டால், ஃபிளாட் பூனைக்கு உள்ளேதான். வெளியே அதற்குக் கிடைத்துக்கொண்டிருந்ததை உள்ளே நீங்கள் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த ‘அவ்வளவுதான்’ எனக்கு ஆறு வாரம் ஆனது.

ஒரு விஷயம் முதலிலேயே. மனிதர் கையே படாமல் தெருவில் வளர்ந்த பெரிய பூனையைப் பிடித்து அடைக்காதீர்கள். அதற்கு அது சிறை. கருத்தடை செய்து, ஊசி போட்டு, இருந்த இடத்திலேயே விட்டுச் சோறு வைப்பதுதான் மரியாதை. இந்தப் பதிவு ஏற்கெனவே உங்கள் சோஃபாவில் தூங்கிவிட்டு இரவில் வெளியே போகும் பூனைக்கு.

முதலில் ஆபரேஷன்

கருத்தடை ஆபரேஷனைச் செய்யாமல் மற்ற எதையும் ஆரம்பிக்காதீர்கள். அறுக்காத கடுவனைக் கதவடைத்து வைத்தால் சுவரெல்லாம் மூத்திரம் பீய்ச்சும், இரவெல்லாம் ஊளையிடும். பெட்டை நான்கைந்து மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடும், சினைக்காலம் இரண்டு மாதம்தான், கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். கடுவனுக்கு ஆபரேஷன் முடிந்த அன்றே ஊர் சுற்றும் ஆசை போகாது. ஹார்மோன் இறங்கச் சில வாரம் ஆகும். அதே பயணத்தில் ரேபீஸ் ஊசியும், பூனைகளின் மூன்று வைரஸ் நோய்களுக்கான ட்ரைகேட் ஊசியும் போட்டுவிடுங்கள். உள்ளேயே இருக்கும் பூனைக்கு எதற்கு ஊசி என்று கேட்பவர்களுக்கு: அந்த மூன்றில் ஒன்றான, உயிரைக் குடிக்கும் பார்வோ குடும்பத்து வைரஸ் உங்கள் செருப்பிலேயே வீட்டுக்குள் வரும்.

வலை (நான் விழுந்த இடம்)

சென்னையில் எந்தத் தெருவிலும் புறா வலை போடுகிறவர் கிடைப்பார். நானும் ஒருவரைக் கூப்பிட்டேன். மூன்று பக்கம் கொக்கி அடித்து, அடிப்பக்கத்தைக் கிரில் கம்பியில் அங்கங்கே முடிச்சுப் போட்டுவிட்டு, “சார், காக்கா கூட உள்ள வராது” என்றார். காக்கா வரவில்லை. ஒன்பதாம் நாள் பூனை போய்விட்டது.

கீழ் வீட்டு அக்கா கூப்பிட்டார். “தம்பி, உங்க பூனை எங்க ஏசி மேல உக்காந்திருக்கு, இறங்கத் தெரியாம முழிக்குது.” எட்டிப் பார்த்தால், அவர்கள் ஏசி அவுட்டோர் யூனிட் மேல் நான்கு காலையும் ஒடுக்கிக்கொண்டு, ஒன்றும் நடக்காத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அடிப்பக்கம் இரண்டு முடிச்சுக்கு நடுவே வலையைத் தலையால் தூக்கியிருக்கிறான். அவ்வளவு சுலபம்.

புறா வலைக்கும் பூனை வலைக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். புறா வெளியிலிருந்து வந்து மோதும், திரும்பிவிடும். பூனை உள்ளிருந்து, தரையோரமாக, பொறுமையாக, தினமும் தள்ளிப் பார்க்கும். அதனால் மேல்பக்கத்தைவிட அடிப்பக்கத்தில்தான் உங்கள் கவனம் அதிகம் இருக்க வேண்டும்.

இரண்டாவது முறை நானே உட்கார்ந்து செய்தது:

1. அடிப்பக்கமும் இரண்டு ஓரமும் ஆறு அங்குலத்துக்கு ஒரு கொக்கி. சுவரில் துளைபோட்டு, ரால் பிளக் (திருகைப் பிடித்துக்கொள்ளும் பிளாஸ்டிக் உறை) வைத்து, முழுசாகத் திருகி இறக்குங்கள். சுத்தியலால் அடித்து ஏற்றினால் ஒரு மழைக்காலம் தாங்காது.
2. வலையின் கடைசி வரிசைக் கண்ணிகள் (ஓட்டைகள்) வழியாக ஜிஐ கம்பியை (துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பி)ப் பூ கட்டுகிற மாதிரி ஒவ்வொன்றாகக் கோத்து, அந்தக் கம்பியைக் கொக்கிகளில் மாட்டி இழுத்துக் கட்டுங்கள். வலையை நேராகக் கொக்கியில் மாட்டாதீர்கள். கண்ணி இழுபட்டுப் பெரிதாகும்.
3. கண்ணி ஓர் அங்குலம், மிஞ்சினால் ஒண்ணேகால். இரண்டு அங்குலக் கண்ணியில் குட்டியின் தலை போகும். தலை போனால் உடம்பும் போகும்.
4. கட்டி முடித்ததும் தரையில் உட்கார்ந்து, ஓரம் முழுக்க முஷ்டியால் அழுத்திக்கொண்டே வாருங்கள். முஷ்டி எங்கே வெளியே போகிறதோ அங்கே இன்னொரு கொக்கி.

வலையில் என் ஓட்டு கறுப்பு ஹெச்டிபிஇ (கெட்டிப் பிளாஸ்டிக்) வலைக்கு. கண்ணுக்குத் தெரியாது என்று சொல்லி விற்கும் கண்ணாடி நிற நைலான் வலையை நான் வாங்க மாட்டேன். மேற்கு வெயில் அடிக்கும் பால்கனியில் அது மொடமொடவென்று ஆகிவிட்டது. கறுப்பு வலை ஒரு வாரத்தில் கண்ணுக்குப் பழகிவிடும். மெல்லிய ஸ்டீல் கம்பிகளை வரிசையாக இழுத்துக் கட்டும் ‘இன்விசிபிள் கிரில்’ குழந்தைகளுக்கு நல்லது. ஆனால் கம்பிகளுக்கு நடுவே இரண்டு, மூன்று அங்குலம் விடுவார்கள். பூனைக்கு அது வாசல்.

இத்தனையும் செய்துவிட்டு ஜன்னலை மறந்தேன். வெல்க்ரோவில் ஒட்டும் கொசுவலை. ஒரு நாள் அணில் ஒன்று சன்ஷேடில் ஓட, சுண்டல் வலையில் தாவித் தொங்க, சர்ர்ரென்று ஒரு பக்கம் முழுக்கப் பிரிந்து வந்தது. நான் பக்கத்தில் இருந்ததால் வாலைப் பிடித்தேன். (வாலைப் பிடிக்காதீர்கள். எனக்கு வேறு வழியில்லை. கையில் இன்னும் தழும்பு இருக்கிறது.) இப்போது அவன் உட்காரும் இரண்டு ஜன்னலுக்கும் அலுமினிய ஃபிரேமில் ஸ்டீல் வலை. மற்ற ஜன்னல்களில் இரண்டு விரல் அளவுக்கு மேல் கதவு நகராதபடி தண்டவாளத்தில் ஒரு திருகாணி.

“பூனை எங்கிருந்து விழுந்தாலும் நாலு காலில் நிற்கும்” என்று சொல்லி வலையை ஒத்திப்போடாதீர்கள். நியூயார்க்கில் மாடியிலிருந்து விழுந்து மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்ட 132 பூனைகளைப் பற்றி 1987-ல் ஒரு ஆய்வு வெளியானது. சிகிச்சை பெற்றவற்றில் 90 சதவீதம் பிழைத்தன. எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள். விழுந்த இடத்திலேயே செத்ததை யாரும் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போவதில்லை என்பதையும், பிழைத்தவற்றில் பலவற்றுக்குத் தாடையும் நெஞ்சும் காலும் அடிபட்டிருந்தன என்பதையும் விட்டுவிடுகிறார்கள்.

மணல்

கடையில் லாவெண்டர் வாசனை போட்ட லிட்டர் (பூனை ‘போக’ப் பெட்டியில் கொட்டும் மணல் மாதிரிப் பொருள்) வாங்கி, மூடி வைத்த அழகான பெட்டியில் கொட்டி வைத்தேன். சுண்டல் முகர்ந்தான், தும்மினான், போய்விட்டான். ஒரு நாள் முழுக்க அடக்கி வைத்திருந்து, என் தலையணையில் போனான்.

வெளியே அவன் எங்கே போவான் என்று யோசித்தபோதுதான் உறைத்தது. பக்கத்து மனையில் வீடு கட்டுகிறார்கள், அங்கே கிடக்கும் எம்-சாண்ட் குவியல். மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு அரை வாளி அள்ளி, சல்லடையில் சலித்து, வெயிலில் காயவைத்து, தட்டில் கொட்டினேன். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. வந்தான், தோண்டினான், உட்கார்ந்தான், அழகாக மூடினான். அம்மா கைதட்டினார்.

முதல் வாரம் முழுக்க அந்த மணல். அடுத்த வாரம் முக்கால் பங்கு மணல், கால் பங்கு கடை லிட்டர். பிறகு பாதிப் பாதி. நான்காம் வாரம் முழுக்க லிட்டர். வாசனை இல்லாத, கட்டி பிடிக்கும் பென்டோனைட் (ஒருவகைக் களிமண்) லிட்டர் வாங்குங்கள், இரண்டு அங்குலத்துக்குக் குறையாமல் கொட்டுங்கள். வாசனை மனிதர்களுக்காகப் போடுவது. தினம் இரண்டு முறை அள்ளினால் வாசனையே தேவையில்லை. அள்ளியதை டாய்லெட்டில் போட்டால் குழாய்க்குள் ஊறிக் கட்டிக்கொள்ளும், பிளம்பருக்குத்தான் லாபம்.

பெட்டிக்குக் காசைக் கொட்டாதீர்கள். கொத்தனார் சிமென்ட் அள்ளும் சட்டி பிளாஸ்டிக்கில் கிடைக்கிறது. அகலம், தாழ்வு, கழுவ சுலபம். ஒரு பூனைக்கு இரண்டு சட்டி, இரண்டு பூனைக்கு மூன்று. வாஷிங் மெஷின் பக்கத்தில் மட்டும் வேண்டாம். அவன் உட்கார்ந்த நேரம் பார்த்து ஸ்பின் ஓடி, இரண்டு நாள் அந்தப் பக்கமே வரவில்லை.

விடிகாலைக் கச்சேரி

நாலரை மணிக்குக் கதவடியில் உட்கார்ந்து கத்துவான். முதல் மூன்று நாள் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தேன். நான்காம் நாள் அம்மா எழுந்து, “தொண்டை கட்டிடும்டா பாவம்” என்று கதவைத் திறந்துவிட்டார். அன்றைக்கு அவன் கற்றுக்கொண்டது: நாலு நாள் கத்தினால் கதவு திறக்கும். அடுத்த சுற்று பதினோரு நாள் போனது. திறக்க மாட்டோம் என்று வீட்டில் எல்லோரும் ஒத்துக்கொண்ட பிறகு ஆரம்பியுங்கள். பக்கத்து வீட்டிலும் முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள்.

கச்சேரியை நிறுத்தியது பொறுமை மட்டும் இல்லை. ராத்திரி பத்து மணிக்கு ஈர்க்குச்சி நுனியில் சணலும் துணித்துண்டும் கட்டி, கால் மணி நேரம் ஓடவிட்டு, மூச்சு வாங்கியதும் சாப்பாடு. துரத்து, பிடி, தின்னு, நக்கு, தூங்கு. பூனையின் உடம்பு போகிற வரிசை அது. லேசர் லைட் எனக்குப் பிடிக்காது. கடைசியில் கடிக்க ஒன்றும் கிடைப்பதில்லை.

உள்ளே என்ன வேண்டும்

உயரம் வேண்டும். பீரோ மேல் இருந்த சூட்கேஸ்களை எடுத்துவிட்டுப் பழைய ஜமுக்காளம் விரித்தேன், அவ்வளவுதான் செலவு. நகம் கீறக் கோணிச்சாக்கு. மூன்றடிப் பலகையில் இழுத்து ஆணியடித்து, அவன் தூங்கி எழுந்திருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் சாய்க்காமல் சுவரோடு அடித்து நிறுத்துங்கள். ஆடினால் தொட மாட்டான்.

சாப்பாட்டில் வெறும் தயிர்சாதமும் பாலும் ஆகாது. பூனைக்கு டாரின் என்ற சத்து வேண்டும், அது மாமிசத்தில்தான் இருக்கிறது. வெறும் உலர் தீனியிலும் நிறுத்தாதீர்கள், தண்ணீர் குறைவாகக் குடிக்கிற பிராணி இது. அறுத்த கடுவன் சட்டிக்குப் போய்ப் போய் உட்கார்ந்து, முக்கி, சொட்டுகூட வராமல் திரும்பினால் ‘நாளைக்குப் பார்க்கலாம்’ வேண்டாம். அன்றே டாக்டர். மூத்திர அடைப்பு உயிரைக் குடிக்கும்.

ஃபினைல் போட்டுத் தரை துடைப்பதை நிறுத்துங்கள். பூனை அதில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்கும், அதன் ஈரலால் அந்த விஷத்தைக் கையாள முடியாது. அந்துருண்டை, கற்பூரம், எலி மருந்து எல்லாம் அலமாரிக்குள் பூட்டு. பாரசிட்டமால் பாதி மாத்திரைகூடக் கொல்லும்.

பிறகு சேர்த்தது

உண்ணி என்று சொல்லி நாய்க்கான ஸ்ப்ரேயைப் பூனைக்கு அடிக்கலாமா என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். கூடவே கூடாது. அதில் பெர்மெத்ரின் என்ற பூச்சிமருந்து இருந்தால் பூனை வலிப்பு வந்து சாகும். பூனைக்கு என்று போட்டிருப்பதை மட்டும் வாங்குங்கள்.

தஞ்சாவூர்ப் பக்கம் தனி வீட்டில் இருக்கும் ஒருவர், “எங்க வீட்டுக்கு எத்தனை வலை போடறது?” என்று கேட்டார். நியாயம். அப்படிப்பட்டவர்கள் சாயங்காலம் ஆறு மணிக்குச் சாப்பாட்டை வீட்டுக்குள் மட்டும் வையுங்கள். தட்டைக் கரண்டியால் தட்டிப் பழக்கினால் ஓடிவரும். வந்ததும் கதவைச் சாத்தி, விடிந்து வெளிச்சம் வந்தபின் திறங்கள். கடுவன் சண்டையும் வண்டி விபத்தும் பெரும்பாலும் இருட்டில்தான். தீபாவளி வாரம் மட்டும் முழுநேரமும் உள்ளே.

வலை எல்லாம் சரி, பார்சல் வாங்கக் கதவைத் திறந்தால் காலிடுக்கில் ஓடுகிறது என்று நிறையப் பேர் எழுதியிருந்தார்கள். எனக்கும் நடந்தது. பெல் அடித்ததும் பீரோ பக்கம் ஒரு நெத்திலிக் கருவாட்டைப் போட்டுவிட்டுக் கதவுக்குப் போகிறேன். இப்போது பெல் சத்தம் கேட்டால் அவன் வாசலுக்கு வருவதில்லை, பீரோவுக்கு ஓடுகிறான். (உப்புக் கருவாடு வேண்டாம். அலசிக் காயவைத்தது, ஒன்றே ஒன்று.)

மாதம் ஒருமுறை முஷ்டிச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். போன ஞாயிற்றுக்கிழமை பார்த்ததில் இடது மூலையில் ஒரு கொக்கி ஆடியது. அதுவரை அவன் கண்டுபிடிக்கவில்லை. நான் டிரில்லிங் மெஷினோடு உட்கார்ந்ததும் பக்கத்தில் வந்து அந்த மூலையையே பார்த்துக்கொண்டிருந்தான்.