‘நாளைக்குத் தர்றேன்’ சொல்லியே பெயர் கெட்டுப்போன கொலுசுப் பட்டறைக்காரர் என்ன செய்யலாம்?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளி வியாபாரியிடம் எடை போட்டுக் கொடுப்பது என் வேலை. வெள்ளிக் கட்டியை நிறுத்து, நோட்டில் எழுதி, சிவதாபுரம், பனங்காடு, மணியனூர் பக்கமுள்ள பட்டறைகளுக்குக் கொடுப்பேன். கொலுசாகத் திரும்பி வரும்போது மறுபடி நிறுப்பேன். எந்தப் பட்டறைக்காரர் பேச்சு எவ்வளவு தூரம் செல்லும் என்பது அந்த நோட்டிலேயே கிலோக் கணக்கில் இருக்கிறது.

வெள்ளியின் தரத்தில் பொய் சொன்னால் தரம் பார்க்கிற டச் மெஷினில் வைத்ததும் தெரிந்துவிடும். 925 முத்திரை என்றால் ஆயிரம் பங்கில் 925 பங்கு வெள்ளி இருந்தாக வேண்டும், அங்கே பேச்சுக்கு இடமில்லை. தேதிப் பொய்க்கு அப்படி ஒரு மெஷின் கிடையாது. ‘நாளைக்கு’ என்பது உண்மையா என்று நாளைக்குத்தான் தெரியும். அதனால் கடைக்காரர் சரக்கை விட்டுவிட்டு ஆளை உரசிப் பார்க்க ஆரம்பிக்கிறார்.

உங்கள் பெயர் எந்த நிலையில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். யாரும் முகத்துக்கு நேரே சொல்லமாட்டார்கள். 5 கிலோ கொடுத்த இடத்தில் 2 கிலோ வரும். கேட்டால் ‘இப்போதைக்கு இவ்வளவுதான் ஆர்டர்’ என்பார்கள். வெள்ளி கிலோ 1 லட்சத்தைத் தாண்டியபிறகு, சந்தேகப்பட்ட ஆளிடம் ஒரு கட்டியைக்கூட முடக்கி வைக்க யாருக்கும் மனசு வராது. அடுத்து, 20-ம் தேதி வேண்டிய சரக்கை 10-ம் தேதி வேண்டும் என்று கேட்பார்கள். அது உங்களுக்கும் தெரிந்துபோகும். ‘எப்படியும் பத்து நாள் முன்கூட்டித்தான் கேட்கிறார்’ என்று நீங்களும் மெத்தனமாக இருப்பீர்கள். இரண்டு பக்கமும் பொய்த்தேதி, நடுவில் கல்யாண வீட்டுக்காரர். அதற்கும் பிறகு கடையிலிருந்து போனே வராது. சத்தம் போடுகிறவரை ஆள் கையில் இருக்கிறார், சத்தம் நின்றால் வேறு பட்டறை பார்த்துவிட்டார் என்று வையுங்கள்.

போனில் சொல்லும் காரணங்களை உடனே நிறுத்துங்கள். ஒருவர் ‘காலையிலிருந்து கரண்ட் இல்லீங்கண்ணா’ என்றார். அவர் பேசும்போதே பின்னால் கம்பி மெஷின் ஓடுகிற சத்தம் கேட்கிறது. எங்கள் முதலாளி ஒன்றும் கேட்கவில்லை, ‘சரிங்க’ என்று வைத்துவிட்டார். அடுத்த முறை அவருக்குக் கட்டி நிறுக்கச் சொல்லவே இல்லை. மின்தடை எந்த ஏரியாவில் என்று பேப்பரிலேயே போடுகிறார்கள், பக்கத்துத் தெருப் பட்டறைக்கு ஒரு போன் போட்டாலும் தெரிந்துவிடும். இதில்கூடப் பொய் சொல்கிறாரே, எடையில் என்ன செய்வாரோ என்றுதான் அடுத்து மனசு போகும். இத்தனைக்கும் எடையில் ஒரு கிராம்கூடத் தவறாத பட்டறைக்காரர் அவர்.

அடுத்தது தேதி சொல்லும் முறை. கொலுசு ஒரே இடத்தில் முடிகிற சரக்கு இல்லை. உருக்கி, கம்பி இழுத்து, கோத்து, பொடி வைத்துப் பற்றவைத்து, மணி சேர்த்து, பாலிஷ் போட்டு வருவதற்குள் பல வீடு ஏறி இறங்கும். பாலிஷ்காரர் ‘நாளைக்கு’ என்றால் அதையே உங்கள் வாக்காகக் கடையில் சொல்கிறீர்கள். அவர் பொய் உங்கள் கணக்கில் ஏறிவிடும். ‘பாலிஷுக்குப் போயிருக்கு, கைக்கு வந்ததும் நானே போன் பண்றேன்’ என்று சொல்லுங்கள், சொன்னபடி பண்ணுங்கள். உங்கள் கையில் இருக்கிற வேலைக்கு மட்டும் தேதி கொடுங்கள். எடை எழுதுகிற சீட்டிலேயே அந்தத் தேதியையும் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு ஆள் வரமாட்டார்கள் என்பது ஊருக்கே தெரியும். அதை ஆனி மாசமே சொன்னால் திட்டம். சரக்கு கேட்டு வந்தபிறகு சொன்னால் சாக்கு.

ஏற்கெனவே சொன்ன பொய்யை என்ன செய்வது? கடையில் கூட்டம் இல்லாத நேரம் பார்த்து நேரில் போய் ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள்: ‘அண்ணா, போன தடவை கரண்ட் இல்லைன்னது பொய், பத்தவைக்க ஆள் இல்லை, அதான் தள்ளிப்போச்சு.’ அதோடு நிறுத்துங்கள். வீட்டுக் கஷ்டம், சத்தியம், ஸ்வீட் பாக்ஸ் எதுவும் வேண்டாம். (சத்தியம் செய்கிறவரைப் பார்த்தால் எங்கள் முதலாளி தராசை இன்னொரு தடவை துடைப்பார்.) கடையும் கூலிப் பணத்துக்கு ‘நாளைக்கு’ சொல்கிறதே என்று உங்களுக்குக் கோபம் வரலாம், நியாயம்தான். அதை வேறொரு நாள் தனியாகக் கேளுங்கள். இந்தப் பேச்சோடு கலந்தால் இரண்டும் கெடும்.

பிறகு 1 கிலோ, 2 கிலோ என்று வருவதை வாங்கிச் சொன்ன தேதிக்கு முடித்துக் கொடுங்கள். கூடக் கேட்காதீர்கள். ஒரு ஆவணி முகூர்த்த சீசனாவது இப்படி ஓட வேண்டும். ஒருநாள் அவர்களே 5 கிலோ எடுத்து வைப்பார்கள். உங்களால் 3 கிலோதான் முடியும் என்றால் மீதியை அங்கேயே தராசிலிருந்து இறக்கிவிட்டு, ‘இதைப் பக்கத்துப் பட்டறையில் கொடுத்துடுங்கண்ணா’ என்று சொல்லிவிட்டு வாருங்கள்.