அடகு நகைக்கு ஒரே ரசீது வேண்டாம்

வேலை இல்லாத நாளில் நகையை அடகு வைக்கப் போனால், எல்லாவற்றையும் ஒரே கடனாகப் போடாமல் சங்கிலிக்கு ஒன்று, வளையலுக்கு ஒன்று, தோட்டுக்கு ஒன்று என்று தனித்தனி ரசீதாகப் போடச் சொல்லுங்கள். மொத்தமாக வைத்தால் பல இடங்களில் முழுக் கடனையும் கட்டினால்தான் ஒரு குண்டுமணித் தங்கமாவது கைக்கு வரும். பிரித்து வைத்தால், கொஞ்சம் பணம் புரண்டதும் தோட்டை மட்டும் திருப்பிவிடலாம். அந்தக் கடனுக்கு வட்டியும் அன்றோடு நின்றுவிடும். கெடு தப்பி ஏலம் வரை போனாலும் எல்லாம் ஒன்றாகப் போகாது.

பாம்பன், மண்டபம் பக்கம் விசைப்படகில் மீன்பிடிக்கப் போகிறவர்களுக்கு இது ரொம்பவே உதவும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அது முடிந்து கடலுக்குப் போனாலும் உடனே மீன்பாடு நன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது, மீன் விற்றதில் கிடைக்கிற பங்குக் காசு சிறுகச் சிறுகத்தான் வரும். அதற்குச் சின்னக் கடன்தான் தோது. வட்டி அதிகமுள்ளதை முதலில் திருப்புங்கள். அப்புறம், ரசீதில் எடை சரியாக இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள்.

ஒவ்வொரு கடனுக்கும் தனியாக மதிப்பீட்டுக் கட்டணம் பிடிக்கிற இடத்தில் இது சரிவராது. சின்ன நகைக்கு அந்தக் கட்டணமே வட்டியைத் தாண்டிவிடும். முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.