காரின் மட்கார்டு உள்பக்கமும் அடிப்பாகமும்: வீட்டிலேயே கழுவும் முறை

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ஓடும் கார்களின் அடியில் மூன்று விதமான அழுக்கு சேர்கிறது. மாந்தோப்புப் பாதையில் அப்பிக்கொள்ளும் செம்மண். கிரானைட் லாரிகள் போகும் சாலையில் படியும் வெண்தூள். தொப்பூர் கணவாய் இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வரும்போது வீலில் ஒட்டும் கருப்பு இரும்புத்தூள். மூன்றும் மூன்று விதமாகத்தான் போகும்.

இவற்றில் காருக்கு அதிகக் கெடுதல் செய்வது செம்மண். மழையில் நனைந்த தகடு வெயில் பட்டால் காய்ந்துவிடும். ஈர மண் ஒட்டிய தகடு நாள்கணக்கில் காயாது, துருவும் அங்கேதான் தொடங்கும். அதனால் இந்த வேலையில் பளபளப்பு இரண்டாம்பட்சம். ஒளிந்திருக்கும் மண்ணை வெளியே எடுப்பதுதான் முக்கியம். ஐப்பசி மழைக்கு முன் ஒருமுறை, மார்கழி முடிந்ததும் ஒருமுறை முழுதாகச் செய்தால் போதும். நடுவில் சேற்றுப் பாதையில் போய்வந்தால் அன்றே தண்ணீர் மட்டும் அடித்துவிடுங்கள்.

எடுத்து வைக்க வேண்டியவை

2 டன் ஜாக்கி, இரண்டு ஜாக் ஸ்டாண்ட் (தூக்கிய காரைத் தாங்கி நிற்கும் இரும்புக் கால்), வீல் ஸ்பேனர், சக்கரத்துக்கு அண்டக் கொடுக்க இரண்டு மரக்கட்டை. 100 முதல் 120 பார் அழுத்தம் தரும் பிரஷர் வாஷர். அது இல்லாவிட்டால் தோட்டத்து ஓஸ் பைப்பே போதும், நேரம்தான் கூடும். நீளக் கைப்பிடி பிரஷ் ஒன்று, 1 இஞ்சு பெயிண்ட் பிரஷ் ஒன்று, இரண்டு பக்கெட், கார் ஷாம்பு, ஆல் பர்ப்பஸ் கிளீனர், அயர்ன் ரிமூவர், நான்கைந்து பிளாஸ்டிக் கேபிள் டை, டார்ச், ரப்பர் கையுறை, கண்ணுக்குப் போடும் பாதுகாப்புக் கண்ணாடி. கண்ணாடியை வேண்டாம் என்று விட்டுவிடாதீர்கள். அடியிலிருந்து தெறிக்கும் மண் நேராக முகத்துக்குத்தான் வரும்.

துணி சோப்புத்தூளும் பாத்ரூம் கழுவும் ஆசிடும் பக்கத்தில்கூட வர வேண்டாம். ஆசிட் பட்டால் அலாய் வீலில் அழியாத வெள்ளைக் கறை விழும், பிரேக் டிஸ்க்கும் உடனே துருப்பிடிக்கும்.

நம் பக்கத்து போர் தண்ணீர் பல இடங்களில் உப்புத் தண்ணீர். வீலும் பெயிண்டும் அப்படியே வெயிலில் காய்ந்தால் வெள்ளைப் புள்ளி விழும், உடனே துடைத்துவிடுங்கள்.

1. ஆறவிடுங்கள், ஊறவிடுங்கள்

ஓட்டி வந்த உடனே தண்ணீர் அடிக்காதீர்கள். சூடான டிஸ்க்கில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் டிஸ்க் கோணிக்கொள்ள வாய்ப்புண்டு. பிறகு பிரேக் பிடிக்கும்போதெல்லாம் ஸ்டீயரிங் உதறும். ஒரு மணி நேரமாவது நிழலில் நிற்கட்டும்.

பிறகு நான்கு மட்கார்டு உள்பக்கமும் நன்றாக நனைத்துவிட்டு 10 நிமிடம் காத்திருங்கள். காய்ந்த செம்மண்ணில் எடுத்த எடுப்பில் அழுத்தமாகத் தண்ணீர் அடித்தால் மேல்பட்டை மட்டும் பெயர்ந்து, உள்ளே இருப்பது களியாக இன்னும் ஆழமாகப் போய் அமர்ந்துகொள்ளும். கிரானைட் தூளைக் காய்ந்த பிரஷ்ஷால் தேய்ப்பதும் கூடாது. அது உப்புத்தாள் மாதிரி பெயிண்டைக் கீறிவிடும்.

2. சக்கரம் மாட்டியிருக்கும்போதே மட்கார்டு

முன்சக்கரத்தில் எந்தப் பக்கம் கழுவுகிறீர்களோ அந்தப் பக்கமாக ஸ்டீயரிங்கை முழுதும் ஒடியுங்கள். வலது சக்கரத்துக்கு வலதுபுறம். அப்போது டயரின் பின்பாகம் உள்ளே போய், மட்கார்டின் பின் மூலை திறந்துகொள்ளும். அதிகமாக மண் தங்கும் இடம் அதுதான்.

மேலிருந்து கீழாகத் தண்ணீர் அடியுங்கள். நாசில் 30 செ.மீ. தள்ளியே இருக்கட்டும். பிறகு ஆல் பர்ப்பஸ் கிளீனரை 1 பங்குக்கு 10 பங்கு தண்ணீர் கலந்து மட்கார்டின் உள்ளே போர்த்தியிருக்கும் பிளாஸ்டிக் லைனர் முழுதும் தெளித்து, 3 நிமிடம் கழித்து நீளப் பிரஷ்ஷால் தேயுங்கள். தார் அல்லது கிரீஸ் கறை இருந்தால் அந்த இடத்துக்கு மட்டும் 1:5 கலவை. மருந்து காய்வதற்குள் கழுவிவிட வேண்டும்.

3. லைனருக்குப் பின்னால்

வாட்டர் சர்வீஸில் விட்டாலும் பெரும்பாலும் தொடாத இடம் இது. முன் மட்கார்டின் பின்பக்கக் கீழ் ஓரத்தில் பிளாஸ்டிக் லைனரை இரண்டு மூன்று கிளிப்போ ஸ்குரூவோ பிடித்திருக்கும். அவற்றை மட்டும் கழற்றி, லைனர் ஓரத்தைக் கையால் மெதுவாக வளைத்து டார்ச் அடித்துப் பாருங்கள். பல வருடம் திறக்காத காரில் மாவிலைச் சருகும் செம்மண்ணும் அடுக்கடுக்காக இறுகி, கைப்பிடி கைப்பிடியாக வரும். மேலே பொடியாக இருந்தாலும் அடியில் விரலை விட்டால் ஈரம் தெரியும். கையால் அள்ளி எடுத்துவிட்டு, மிச்சத்தை ஓஸ் பைப்பால் கழுவுங்கள். இங்கே பிரஷர் வாஷர் வேண்டாம், மண் இன்னும் மேலே ஏறிவிடும். கீழே வழியும் தண்ணீர் நிறமில்லாமல் வரும்வரை விடுங்கள்.

கிளிப் வெயிலில் காய்ந்து மொறுமொறுத்திருக்கும், கழற்றும்போது ஒன்றிரண்டு உடையும். அதே அளவில் ஐந்தாறு கிளிப் முன்கூட்டியே வாங்கி வையுங்கள். கிளிப் இல்லாமல் லைனரைத் தொங்கவிட்டால் ஓடும்போது டயரில் உரசிக் கிழிந்துவிடும்.

அங்கே பெயிண்ட் கொப்புளம் விட்டிருந்தால் ஸ்குரூடிரைவரின் கைப்பிடியால் லேசாக அழுத்திப் பாருங்கள். உள்ளே அமுங்கினால் அது கழுவிச் சரியாவதல்ல, டிங்கரிங் கடைக்குப் போக வேண்டியது.

4. சக்கரத்தைக் கழற்றி

சமமான கான்கிரீட் தரையில் மட்டும். மண்தரையில் ஜாக்கி புதைந்து சாயும். முன்சக்கரம் கழற்றுவதானால் ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். பின்சக்கரமானால் முன்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை, முதல் கியரில் நிறுத்தம். நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே அரைச் சுற்று தளர்த்திவிட்டுத் தூக்குங்கள். தூக்கியதும் மேனுவலில் காட்டிய இடத்தில் ஸ்டாண்ட் வையுங்கள். கழற்றிய சக்கரத்தைக் காரின் ஓரத்தகட்டுக்கு (கதவுகளுக்குக் கீழே நீளமாகப் போகும் தகடு) அடியில் படுக்கப் போடுங்கள். தப்பித்தவறி கார் இறங்கினாலும் அதன்மேல்தான் நிற்கும். ஜாக்கியை மட்டும் நம்பித் தலையையோ கையையோ அடியில் விடவே கூடாது.

வீலின் உள்பக்கத்தில் அயர்ன் ரிமூவர் தெளித்தால் இரும்புத்தூள் ஊதா நிறமாகக் கரைந்து வழியும். நிழலில், வீல் ஆறியிருக்கும்போது, 3 முதல் 5 நிமிடம். காயவிடாமல் பெயிண்ட் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள்.

கழுவுவதற்கு முன் மூன்றைப் பாருங்கள். ஆக்ஸில் பூட் (ஆக்ஸில் மூட்டை மூடியிருக்கும் ரப்பர் உறை) கிழிந்திருந்தால் சுற்றிலும் கிரீஸ் தெறித்திருக்கும். ஷாக் அப்சார்பர் எண்ணெயாக நனைந்திருந்தால் சீல் போய்விட்டது. பிரேக் ஓஸில் வெடிப்பு இருந்தால் காரை மேற்கொண்டு ஓட்டாமல் மெக்கானிக்கை அழையுங்கள். கழுவிவிட்டால் இந்த அடையாளங்கள் மறைந்துவிடும் என்பதால் தண்ணீர் அடிப்பதற்கு முன்பே ஒருமுறை போட்டோ எடுத்து வைப்பது நல்லது. ஆக்ஸில் பூட் ரப்பருக்கும், ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் சிக்கிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) சென்சார் வயருக்கும் கிட்டத்தில் அழுத்தமாக அடிக்காதீர்கள்.

5. அடிப்பாகமும் வடிகால் துளைகளும்

அடிப்பாகத்துக்கு, கழற்றிய சக்கரத்தை 7-ல் சொன்னபடி மாட்டி, கார் தரையிலேயே நிற்கட்டும். வளைந்த நாசில் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் நான்கு பக்கமிருந்தும் சாய்வாக அடியுங்கள். மின்சாரக் காரில் ஆரஞ்சு நிற ஒயர்களையும் பேட்டரியின் இணைப்புகளையும் பிரஷர் வாஷரால் குறிவைக்கவே வேண்டாம்.

கதவுகளின் கீழ் விளிம்பிலும் ஓரத்தகட்டின் அடியிலும் சின்னத் துளைகள் இருக்கும். உள்ளே போகும் தண்ணீர் வடியும் வழி அவை. மண் அடைத்தால் தகடு உள்ளிருந்து துருப்பிடித்து, வெளியே தெரியும்போது பாதி போயிருக்கும். கேபிள் டையின் முனையை விட்டு மெதுவாகக் குடையுங்கள். கம்பியால் குத்தினால் பெயிண்ட் கீறி, துருவுக்கு நாமே வாசல் திறந்ததாகும். ரப்பர் மூடி போட்ட துளைகளைத் தொடாதீர்கள்.

6. டீசல் அடிக்கலாமா?

கழுவி முடித்ததும் அடியில் டீசலோ பழைய இன்ஜின் ஆயிலோ அடிக்கும் பழக்கம் இன்னும் பல இடங்களில் இருக்கிறது. புதுசு போலக் கருகருவென்று தெரியும், உண்மைதான். ஆனால் டீசல் பட்ட ரப்பர் புஷ்கள் (சஸ்பென்ஷன் மூட்டுகளில் இருக்கும் ரப்பர் துண்டுகள்) உப்பி, மெத்தென்றாகி, சீக்கிரம் தளர்ந்துவிடும். பிறகு பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் சத்தம் வரும். எண்ணெய்ப் பசையில் அடுத்த நாளே குவாரித் தூள் ஒட்டிக் கெட்டியாகும். சைலன்சரில் பட்டால் புகையும், டிஸ்க்கில் பட்டால் பிரேக்கே பிடிக்காமல் போகும். உங்கள் காருக்கு இதைச் செய்யவிடாதீர்கள்.

துரு லேசாக இருந்தால் வயர் பிரஷ்ஷால் தேய்த்து, ரஸ்ட் கன்வெர்ட்டர் (துருவைக் கெட்டியான பூச்சாக மாற்றும் மருந்து) பூசி, டப்பாவில் சொன்ன நேரம் காயவிட்டு, கருப்பு சேஸிஸ் பெயிண்ட் அடியுங்கள். அண்டர்பாடி கோட்டிங் போடுவதானால் கழுவிய அன்றே வேண்டாம். ஒரு நாள் முழுதும் வெயிலில் காய்ந்த பிறகுதான். ஈரத்தின் மேல் பூசினால் தண்ணீரை உள்ளே வைத்து அடைத்தது போலாகும். டிஸ்க், சைலன்சர், சென்சார், வடிகால் துளை இவற்றில் படாமல் மறைத்துக்கொள்ளுங்கள்.

7. மாட்டும்போது

நட்டுகளைக் கையால் முழுதும் ஏற்றி, சக்கரம் தரையைத் தொட்டதும் எதிரெதிராக இறுக்குங்கள். எவ்வளவு என்பது மேனுவலில் இருக்கும். சிறிய கார்களுக்குப் பெரும்பாலும் 85 முதல் 120 நியூட்டன் மீட்டருக்குள். நட்டு மரையில் கிரீஸ் தடவ வேண்டாம், அளவு தெரியாமல் கூடுதலாக இறுகிவிடும்.

கிளம்பியதும் ஆள் இல்லாத சாலையில் மெதுவாக ஓட்டி, நான்கைந்து முறை பிரேக்கை லேசாக மிதியுங்கள். முதலில் கரகரவென்று வருவது டிஸ்க்கில் படிந்த மேல்துரு, அப்படியே தேய்ந்து போய்விடும். பிரேக் சரியாகப் பிடிக்கிறது என்று தெரிந்த பிறகே நெடுஞ்சாலையில் ஏறுங்கள். 50 முதல் 100 கி.மீ. ஓடியதும் நட்டுகளை மறுபடியும் ஒருமுறை இறுக்கிப் பார்த்துவிடுங்கள்.