கல்யாண மேடைக்கு அரேஞ்சர் கீபோர்டு: காசைக் கொட்டாமல் தேர்ந்தெடுப்பது எப்படி?

அரேஞ்சர் என்பது இடக்கையில் நீங்கள் பிடிக்கும் கார்டுக்கு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்களுக்கு) ஏற்பத் தாளமும் பின்னணியும் தானே வாசிக்கும் கீபோர்டு. அந்தத் தாளமும் பின்னணியும்தான் ஸ்டைல், கருவி ஒலிதான் வாய்ஸ். கடையில் முதலில் காதில் விழுவது எண்ணிக்கைதான்: இத்தனை நூறு வாய்ஸ், இத்தனை நூறு ஸ்டைல். ஓர் இரவு மேடையில் நீங்கள் தொடப்போவது பதினைந்து வாய்ஸ், எட்டோ பத்தோ தாளம். மிச்சமெல்லாம் பெட்டியின் மேல் அச்சடிக்கத்தான் உதவும். செந்தூலில் கல்யாண விருந்து, தைப்பூசத்துக்குப் பத்துமலை வழியில் தண்ணீர்ப்பந்தல், பிரிக்பீல்ட்ஸ் பக்கம் கோயில் மண்டபத்தில் பக்திப் பாடல்கள் என்று கோலாலம்பூரில் வாசிப்பவருக்கு மூன்று கேள்விகள் போதும். பின்பக்கம் என்னென்ன ஜாக் இருக்கிறது? பாட்டு நடுவே விரலுக்கு எட்டும் பட்டன் எது? நம் தாளத்தை உள்ளே ஏற்ற முடியுமா?

கடைக்குப் போகும் முன் ஒரு தாளில் இருபது பாட்டு எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பாடகரின் கட்டை (சுருதி), வேகம், தாளம் நாலா, ஆறு எட்டா, ஏழா, முன்னால் வரும் கருவி எது என்று குறியுங்கள். பாதிக்கு மேல் ஆறு எட்டு வந்தால், வெளியிலிருந்து ஸ்டைல் ஏற்ற முடியாத கீபோர்டை அங்கேயே ஒதுக்கிவிடலாம். உருமி மேளக் குழுவோடு வாசிப்பதுதான் உங்கள் முக்கிய வேலை என்றால் அரேஞ்சரே வேண்டாம். உருமியின் வேகம் ஆட்டக்காரரோடு ஏறி இறங்கும், பெட்டிக்குள் இருக்கும் தாளம் அதன் பின்னால் ஓடாது. அந்தக் காசுக்கு நல்ல வாய்ஸ் உள்ள சின்தசைசர் (கார்டுக்குப் பின்னணி வாசிக்காத கீபோர்டு) வாங்குவது மேல்.

தாளம்தான் விலையை முடிவு செய்யும்

அரேஞ்சரின் பலம், அது பாடகருக்காகக் காத்திருக்கும் என்பது. முன்கூட்டியே பதிந்த டிராக்கை ஓடவிட்டால், மாப்பிள்ளையின் மாமா சரணத்துக்கு ஒரு வரி தாமதமாக வந்தாலும் டிராக் போய்க்கொண்டே இருக்கும். ஸ்டைல் என்றால் நீங்கள் ஃபில் (இடைநிரப்பும் அடி) பட்டனை அழுத்தும்வரை அதே நான்கு மாத்திரை சுற்றிக்கொண்டிருக்கும். ஆகவே மெயின் பகுதி, அதாவது இப்படிச் சுற்றும் முக்கியப் பகுதி, எத்தனை என்று பாருங்கள். யமாஹா பிஎஸ்ஆர்-இ வரிசையில் மெயின் ஏ, பி என்று இரண்டுதான். பிஎஸ்ஆர்-எஸ்எக்ஸ்600இல் ஏ முதல் டி வரை நான்கு, தனியாக ஒரு பிரேக், மூன்று இன்ட்ரோ, மூன்று எண்டிங். பல்லவி, அனுபல்லவி, சரணம், இடையிசை என்று போகும் நம் பாட்டுக்கு இரண்டு மெயின் போதாது. சமாளிக்கலாம், ஆனால் மூன்றாவது சரணத்தில் கேட்பவருக்கே சலித்துவிடும்.

உள்ளே வரும் ஆறு எட்டு ஸ்டைல்கள் பெரும்பாலும் மேற்கத்திய மெதுப்பாட்டுக்கானவை. குத்துப்பாட்டின் தப்பு அடி அவற்றில் இருக்காது. இதற்கு வழி இரண்டு. பிஎஸ்ஆர்-இ473 போன்றவற்றில் ஸ்டைல் கோப்பை யூஎஸ்பி வழியாக ஏற்றலாம். வெளி ஸ்டைலுக்கு இடம் பத்துதான், எனவே நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி மாற்ற வேண்டியிருக்கும். எஸ்எக்ஸ்600இல் ஸ்டைல் கிரியேட்டர் இருப்பதால் கீபோர்டிலேயே உருவாக்கலாம். கிட்டத்தட்ட பொருந்தும் ஓர் ஆறு எட்டு ஸ்டைலைத் திறந்து, பேஸையும் ஒரு கார்டு சேனலையும் மட்டும் விட்டு, பேட், ஃபிரேஸ் சேனல்களை அழித்துவிடுங்கள். ரிதம் சேனலில் தபேலா, டோலக் வகைக் கிட்டைப் போட்டு அடியைக் கையால் வாசித்துப் பதியுங்கள். முதலில் மெயின் ஏ, பிறகு அதையே நகலெடுத்து ஒன்றிரண்டு அடி கூட்டி பி, சி. ஃபில் கடைசியில். குவாண்டைஸை (அடிகளைச் சரியான நேரத்துக்கு இழுத்துப் பொருத்தும் வசதி) முழுமையாகப் போட்டால் தாளம் இயந்திரம்போல விறைத்துவிடும், கொஞ்சம் தளர்த்தி வையுங்கள்.

நண்பர்களிடமிருந்து வாங்கும் ஸ்டைல் கோப்புகளில் ஒரு சிக்கல் வரும். பெரிய மாடலுக்காக எழுதிய ஸ்டைலில் கிட்டார், பேஸ் பகுதிகள் அந்த மாடலில் மட்டுமே உள்ள சிறப்பு வாய்ஸை எதிர்பார்த்து எழுதப்பட்டிருக்கும். சின்ன கீபோர்டு அதற்குப் பதில் சாதாரண வாய்ஸைப் போடும். விரல் உரசும் சத்தத்துக்காக எழுதிய சுரங்கள் அப்போது உச்சத்தில் கீச்சென்று ஒலிக்கும். கோப்பு கெட்டுவிட்டதென்று நினைக்க வேண்டாம், அந்தப் பகுதியின் வாய்ஸை மாற்றினால் அல்லது நிறுத்தினால் சரியாகும்.

கார்டு பகுதியை அணைத்துவிட்டு ரிதத்தை மட்டும் ஓடவிட்டு, இடக்கையில் நீங்களே பேஸ் வாசிப்பது ராகம் சார்ந்த பாடல்களுக்கு மிகவும் பொருந்தும். தானியங்கிக் கார்டு ஒவ்வொரு சுரத்துக்கும் மேஜர், மைனர் என்று ஏதாவது ஒன்றைத் திணித்துப் பாட்டின் நிறத்தையே மாற்றிவிடும்.

பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்

மலிவு மாடல்களில் வெளியே சத்தம் எடுக்க ஹெட்ஃபோன் ஜாக் ஒன்றுதான் இருக்கும். அதில் வருவது ஸ்டீரியோ. சவுண்ட் சிஸ்டம்காரர் ஒரே ஸ்டீரியோ வயரை எடுத்து மிக்ஸரின் ஒரு பேலன்ஸ்டு சேனலில் செருகினால், மிக்ஸர் இடதிலிருந்து வலதைக் கழித்துவிடும். நடுவில் ஒலிக்கும் கிக் டிரம்மும் பேஸும் காணாமல் போய், ரீவெர்பும் (எதிரொலி) ஓரத்துச் சத்தமும் மட்டும் மெலிதாகக் கேட்கும். கீபோர்டு பழுது என்று பலர் இதற்காகவே பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோகிறார்கள். ஸ்டீரியோவை இரண்டு மோனோவாகப் பிரிக்கும் ஒய் வயர் போட்டு இரண்டு சேனலில் கொடுத்தால் தீர்ந்தது.

இடது, வலது என்று தனி அவுட்புட் இருந்தால் இந்தத் தலைவலி இல்லை. இ473, எஸ்எக்ஸ்600 இரண்டிலும் அது உண்டு. மோனோ போதும் என்றால் எல் பிளஸ் ஆர் என்று எழுதிய ஜாக்கில் மட்டும் செருகுங்கள், கீபோர்டே இரண்டையும் சேர்த்துத் தரும். ஸ்டீரியோ பியானோ வாய்ஸ் மோனோவில் சில நேரம் வெறுமையாக ஒலிக்கும். அப்போது மோனோ பியானோவுக்கு மாறுங்கள்.

இந்த அவுட்புட்கள் பேலன்ஸ்டு (வயரில் சேரும் இரைச்சலை நீக்கும் வகை) அல்ல. ஐந்தாறு மீட்டரைத் தாண்டி வயர் ஓடினால் இரைச்சல் வரும், அதுவும் எல்இடி விளக்குகளின் வயரோடு சேர்த்துக் கட்டியிருந்தால் கேட்கவே வேண்டாம். டிஐ பெட்டி (சத்தத்தைப் பேலன்ஸ்டாக மாற்றித் தரும் சின்னப் பெட்டி) ஒன்றைக் கீபோர்டுக்குப் பக்கத்திலேயே வையுங்கள்: கீபோர்டிலிருந்து பெட்டிக்குக் குட்டை வயர், அங்கிருந்து மிக்ஸருக்கு நீள வயர். ஹம் சத்தம் வந்தால் பெட்டியின் கிரவுண்ட் லிஃப்ட் பட்டனை அழுத்துங்கள். பிளக்கின் எர்த் பின்னைத் தொடாதீர்கள், அது உயிருக்கானது.

கட்டை, வீல், பாலிஃபனி

பாடகர் கடைசி நிமிடத்தில் "இன்னைக்குத் தொண்டை சரியில்லை, அரைக்கட்டை இறக்குங்க" என்பார். கட்டையை ஏற்றி இறக்கும் டிரான்ஸ்போஸ் பட்டன் முகப்பிலேயே இருக்க வேண்டும், மெனுவுக்குள் நாலு படி இறங்கித் தேடும் மாடல் மேடைக்கு ஆகாது. ஒரு கட்டை சி, இரண்டு டி, நான்கு எஃப், ஐந்து ஜி, ஐந்தரை ஜி ஷார்ப் என்பதை மறக்காமல் ஒவ்வொரு பாட்டின் டிரான்ஸ்போஸ் எண்ணையும் ரெஜிஸ்ட்ரேஷன் மெமரியில் வாய்ஸ், ஸ்டைல், வேகத்தோடு சேர்த்துப் பதிந்துவிடுங்கள். அடுத்த பாட்டுக்கு மாறும்போது பழைய டிரான்ஸ்போஸ் ஒட்டிக்கொண்டிருப்பதுதான் மேடையில் அடிக்கடி நடக்கும் விபத்து. நாதஸ்வரத்தோடு சேர்ந்தால் சுருதியை நுணுக்கமாகத் திருத்தும் மாஸ்டர் டியூனும் தேவைப்படும். நாதஸ்வரம் உங்களுக்காக 440 ஹெர்ட்ஸுக்கு வராது, நீங்கள்தான் போக வேண்டும்.

சுருதியை வளைக்கும் பிட்ச் பெண்ட் வீல் இல்லாமல் புல்லாங்குழலையோ வயலினையோ நம் பாணியில் வாசிக்க முடியாது. இ373இல் வீல் கிடையாது, இ473இல் உண்டு. இரண்டுக்கும் இடையில் தயங்குபவர் வேறெதையும் ஒப்பிட வேண்டியதில்லை. பெண்ட் ரேஞ்சை இரண்டு அரைச்சுரமாக வைத்துப் பழகுங்கள்.

பாலிஃபனி, அதாவது ஒரே நேரத்தில் ஒலிக்கக்கூடிய சுரங்களின் எண்ணிக்கை, 64 இருந்தால் போதும். 48 என்றால் ஸ்டைலும் ஸ்டீரியோ வாய்ஸும் சஸ்டெயின் பெடலும் சேரும்போது பழைய சுரங்கள் அறுந்து விழும்.

எந்த மாடல்?

புதிதாக 2,000 வெள்ளிக்குள் என்றால் யமாஹா பிஎஸ்ஆர்-இ473 பாதுகாப்பான தேர்வு: வீல், தனி அவுட்புட், மைக் ஜாக், 64 பாலிஃபனி, சுமார் 7 கிலோ. கேசியோ சிடி-எக்ஸ்3000 அதைவிட மலிவு, தாளத்தைத் திருத்தும் ரிதம் எடிட்டர் உள்ளேயே இருக்கிறது. ஆனால் வெளியே சத்தம் எடுக்கும் வசதியை வாங்கும் முன் நேரில் சரிபாருங்கள்.

இ473 விலையைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு போட முடிந்தால் எஸ்எக்ஸ்600. 128 பாலிஃபனி, எட்டு ரெஜிஸ்ட்ரேஷன் பட்டன், ஸ்டைல் கிரியேட்டர், புதிய வாய்ஸ்களை ஏற்ற எக்ஸ்பான்ஷன் மெமரி. வாரம் ஒரு நிகழ்ச்சி உள்ளவருக்கு இதுதான் சரி. மைக் ஜாக் இதில் இல்லை, அது எஸ்எக்ஸ்700இல் தொடங்குகிறது. மண்டபத்தில் எப்படியும் மிக்ஸர் இருக்கும் என்பதால் இது பெரிய குறையில்லை.

ரோலண்ட் எக்ஸ்பிஎஸ்-10ஐ இந்திய வாய்ஸ்களுக்காகச் சிலர் சொல்வார்கள். வாய்ஸ்கள் அருமைதான், ஆனால் அது சின்தசைசர். குழுவில் ஆக்டபேட் (மின்னணு டிரம் பேட்) வாசிப்பவர் இருந்தால் எடுங்கள், தனியாளுக்கு வேண்டாம். சென்னையிலிருந்து இந்தியச் சந்தைக்கான மாடலைக் கொண்டுவர நினைப்பவர்களுக்கு: மின்னழுத்தம் ஒத்துப்போகும், பிளக் மட்டும் மாற வேண்டும். உத்தரவாதம் வாங்கிய நாட்டோடு நின்றுவிடுவது வழக்கம்.

பழையது வாங்கும்போது

கரோசல், முடா ஆகிய இணையச் சந்தைகளில் நல்ல சரக்கு வருகிறது. போகும்போது சொந்த ஹெட்ஃபோனும் காலி யூஎஸ்பியும் எடுத்துப் போங்கள். பியானோ வாய்ஸில் ஒவ்வொரு கட்டையையும் மெதுவாக ஐந்து முறை அழுத்துங்கள், அறுபத்தொன்றையும். ஒவ்வொரு கட்டைக்கும் கீழே இரண்டு ரப்பர் தொடுப்புகள் உண்டு. இரண்டும் தொடும் நேர இடைவெளியை வைத்துத்தான் கீபோர்டு அழுத்தத்தை அளக்கிறது. நம் ஊர் ஈரப்பதத்தில் அவற்றில் அழுக்குப் படிந்தால் மெதுவாகத் தொட்டாலும் சுரம் உச்சத்தில் அலறும், இல்லை ஊமையாகும். இரண்டு மூன்று கட்டை இப்படி என்றால் சுத்தம் செய்து சரிசெய்யலாம், விலையைக் குறைத்துக் கேளுங்கள். பரவலாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

வீலை விட்டதும் சுருதி சரியாக நடுவுக்குத் திரும்புகிறதா, டயலைச் சுற்றினால் எண் தாவுகிறதா, பவர் ஜாக்கை லேசாக அசைத்தால் அணைகிறதா, யூஎஸ்பியில் பதிந்து திரும்ப எடுக்க முடிகிறதா என்று பாருங்கள். அடாப்டர் அசலாக இருக்க வேண்டும். வோல்ட் ஒன்றாக இருந்தாலும் நடுமுனை பிளஸா மைனஸா என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், மாற்றிச் செருகினால் உள்ளே ஏதாவது எரியும்.

நிகழ்ச்சி இரவு

பட்ஜெட்டில் ஐந்தில் ஒரு பங்கை ஸ்டாண்டு, பெடல், டிஐ பெட்டி, பைக்கு ஒதுக்கிவிடுங்கள். ஸ்டாண்டு இரட்டைக் கால் உள்ளதாக இருக்கட்டும், ஒற்றை எக்ஸ் ஸ்டாண்டு பலகை மேடையில் ஆடும். குளிர்சாதன மண்டபத்திலிருந்து வெளிப்பந்தலுக்குக் கொண்டுவந்தால் பையைத் திறக்காமல் அரை மணி நேரம் விடுங்கள், இல்லையென்றால் உள்ளே வியர்த்துவிடும்.

அழுத்தாமலே சுரம் நீண்டுகொண்டு, பெடலை மிதித்தால் நிற்கிறதா? பெடல் தலைகீழாகப் பதிவாகியிருக்கிறது. கீபோர்டை அணைத்து, பெடலில் கால் வைக்காமல் மறுபடி போடுங்கள்.

கடைசியாக, தானாக அணையும் வசதி. யமாஹாவில் தொடாமல் 30 நிமிடம் விட்டால் அணைந்துவிடும்படி கடையிலிருந்தே வரும். கல்யாணத்தில் ஒரு பேச்சாளர் அதற்கு மேலும் பேசுவார் என்பது நமக்குத் தெரியும். இ வரிசையில் இடது கோடிக் கட்டையை அழுத்திக்கொண்டே பவரைப் போட்டால் அந்த வசதி நின்றுவிடும். எஸ்எக்ஸ்600இல் மெனுவுக்குள் போய் நிறுத்தலாம். இதை வீட்டிலேயே செய்துவிட்டுக் கிளம்புங்கள்.